கரியமில வாயு எடுத்துத் தரும் வாசனை எண்ணெய்

எண்ணெய் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது செக்குதான். எள்ளை ஆட்டினால் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் புண்ணாக்கு. ஆனால் ஏலக்காயையும் மல்லிகைப் பூவையும் செக்கில் போட முடியுமா? அவற்றில் இருக்கும் எண்ணெயே கொஞ்சம். அதிலும் வாசனை சூடு பட்டால் ஓடிப்போகிற சரக்கு.

வெகு காலமாக இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நீலகிரித் தைலம் வடிப்பது போல நீராவியில் வடிப்பது. சூட்டில் சில வாசனைகள் மாறிவிடும். மற்றொன்று, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஹெக்ஸேன் என்ற திரவத்தில் கரைத்தெடுத்து, பிறகு ஹெக்ஸேனை ஆவியாக்கிப் பிரிப்பது.

மூன்றாவது வழிதான் கரியமில வாயு. நாம் வெளிவிடும் மூச்சிலும், சோடாவில் பொங்கும் நுரையிலும் இருக்கிறதே, அதேதான். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவைப் போல சந்து பொந்தெல்லாம் நுழையும். திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். நம் பிரஷர் குக்கருக்குள் இருப்பது சுமார் 2 மடங்குதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சூடு மட்டும் கொஞ்சம்தான். 31 டிகிரி என்பது எங்கள் பொம்மிடியின் சித்திரை வெயிலை விடக் குறைவு.

பிறகு அழுத்தத்தைக் குறைத்தால், சோடா மூடியைத் திறந்தது போல வாயு பிரிந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். அந்த வாயுவைப் பிடித்து மறுபடி உபயோகிக்கிறார்கள்.

ஜெர்மனியில் குர்ட் ஸோஸல் என்ற விஞ்ஞானி 1960-களில் இந்த முறையில் காபிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரிக்க வழி கண்டார். இன்று கேரளத்திலும் மிளகு, இஞ்சி, ஏலக்காய்ச் சாறுகளை இப்படி எடுக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் விளையும் மஞ்சளின் வாசனை எண்ணெயும் இதில் நன்றாக வரும். நிறம் தரும் குர்குமின் மட்டும் சுலபத்தில் கரையாது. கனத்த எஃகுக் கலங்கள் வேண்டும் என்பதால் செலவு அதிகம். ஆகவே, தினசரி சமையலுக்குச் செக்கு நல்லெண்ணெயே போதும்.

சமீபத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சின்னப் புட்டியுடன் வந்தாள். கைக்குழந்தைக்காரி. "அக்கா, இது இஞ்சி எண்ணெய். சி.ஓ.டூ எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருக்கு. குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயில ரெண்டு சொட்டு விடலாமா? இல்ல, அந்த வாயு ஏதாச்சும் பண்ணுமா?"

"வாயு எப்பவோ போயிடுச்சும்மா. பயப்பட வேண்டியது அதுக்கில்ல, இதோட காரத்துக்கு. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்" என்றேன். புட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

சகோதரிகளே, இயற்கை என்ற வார்த்தையைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். கைப்பிடி இஞ்சியின் வீரியம் சில சொட்டுகளில் அடங்கியிருக்கிறது. இவற்றில் கவனம் வையுங்கள்:

* கலக்காத வாசனை எண்ணெயை யார் தோலிலும் நேராகத் தடவாதீர்கள்.
* கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்களைத் தேய்க்காதீர்கள். இவை உள்ளே போனால் வலிப்புகூட வரலாம்.
* குழந்தை தப்பித் தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எப்படி எடுத்த எண்ணெயானாலும், எந்த அளவு, யாருக்கு என்று கேட்டபின் மூடியைத் திறப்போம்.