மூவரில் சிறந்தவர் யார்? பானர்ஜி – கோஸ்வாமி – பலராம்

1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டு கால்பந்து இறுதிப்போட்டி. இந்தியாவும் தென்கொரியாவும் மோதின.

சுமார் 1 லட்சம் ரசிகர்கள் கூடி இருந்தார்கள். பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும், தைவானையும் போட்டிக்கு சேர்க்காததை இந்திய பிரதிநிதி ஒருவர் கண்டித்தார். அதனால் வந்த கோபம் அது.

அந்த கூச்சலுக்கு நடுவே இந்தியா 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. தங்கப்பதக்கம் கிடைத்தது. ஆசிய விளையாட்டு கால்பந்தில் அதன்பிறகு இன்றுவரை நமக்கு தங்கம் இல்லை.

அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய மூவரை ரசிகர்கள் "மும்மூர்த்திகள்" என்றே அழைத்தார்கள். வலது ஓரத்தில் பி.கே.பானர்ஜி. நடுவில் சற்று இடப்பக்கமாக சுனி கோஸ்வாமி. இடது ஓரத்தில் துளசிதாஸ் பலராம்.

மூவரும் நம்மைப்போல மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான். பானர்ஜியும், பலராமும் ரெயில்வேயில். கோஸ்வாமி ஸ்டேட் பாங்கில்.

இவர்களில் யார் சிறந்தவர்?

பானர்ஜியின் வேகம்

பானர்ஜியின் பலம் வேகமும், உதையும். ஓரக்கோட்டை ஒட்டி பந்துடன் பாய்ந்து வருவார். கோல் கண்ணில் பட்டால் தயங்கமாட்டார். பந்தை வைத்து வித்தை காட்டுவது அவர் வழக்கம் அல்ல. எதிரி சுதாரிப்பதற்குள் உதைத்துவிடுவார்.

1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் இந்திய அணி கேப்டன். பிரான்சுடன் 1-1 என்று டிரா ஆன ஆட்டத்தில் இந்தியாவின் கோலை போட்டவர் அவரே. ஜகார்த்தா இறுதிப்போட்டியிலும் முதல் கோல் அவருடையது.

கடைசிவரை ஈஸ்டர்ன் ரெயில்வே அணியிலேயே ஆடினார். 1958-ல் அந்த ரெயில்வே அணி, பெரிய கிளப்புகளை எல்லாம் பின்னுக்கு தள்ளி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது.

கோஸ்வாமியின் லாவகம்

கோஸ்வாமியின் பலம் லாவகம். பந்து அவர் காலில் ஒட்டிக்கொள்ளும். உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார். தடுக்க வந்தவர் அந்தப் பக்கம் போவார். இவர் மறுபக்கம் போய்விடுவார்.

ஜகார்த்தாவில் அவர்தான் கேப்டன். தென்வியட்நாமை 3-2 என்று வென்ற அரை இறுதியில் 2 கோல்கள் அவர் போட்டவை. மோகன் பகான் கிளப்பை தவிர வேறு கிளப்பில் அவர் ஆடியதில்லை. கிரிக்கெட்டிலும் வங்காள அணிக்கு கேப்டனாகி, 1971-72 ரஞ்சி கோப்பையில் இறுதிப்போட்டி வரை அணியை கொண்டு சென்றார்.

பலராமின் மூளை

பலராமுக்கு இரண்டு காலும் ஒன்றுதான். இடது ஓரம், உள்பக்கம், நடு என்று முன்வரிசையில் எந்த இடத்தில் விட்டாலும் ஆடுவார். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே நிற்பார். தானும் கோல் போடுவார். பிறருக்கும் வழி அமைத்துக் கொடுப்பார்.

ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும், பெருவுக்கு எதிராகவும் இந்தியா போட்ட கோல்கள் அவருடையவை. ஜகார்த்தாவில் ஜப்பானை 2-0 என்று வென்றபோது பானர்ஜி ஒன்று, பலராம் ஒன்று.

இவரது பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்து செகந்திராபாத்துக்கு குடிபோனவர்கள். பக்கத்தில் உள்ள அம்முகுடா கிராமத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். பழைய போலீஸ் பூட்சை செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மாற்றித்தான் முதல் பூட்ஸ் போட்டார். பயிற்சியாளர் ரகீம் அவரை கண்டெடுத்தார்.

1957-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். 1961-ல் அதன் கேப்டனாகி லீக் பட்டம் வென்று கொடுத்தார். ஆனால் 1963-ல் நுரையீரல் நோய் அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அப்போது வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

தீர்ப்பு என்ன?

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம், ஒரு கோல் அவசரமாக வேண்டும் என்றால் பானர்ஜியை கூப்பிடலாம். எதிரிகள் சுவர்போல நின்றால் அதை உடைக்க கோஸ்வாமி வேண்டும். எந்த இடம் காலி என்று தெரியாமலே ஒரே ஒருவரை தேர்ந்தெடுக்கச் சொன்னால், பலராமைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரகீமுக்கு அந்த கவலை இல்லை. மூவரையும் ஒன்றாக இறக்கினார். கோஸ்வாமியை மடக்க இருவர் ஓடினால், ஓரத்தில் பானர்ஜிக்கோ பலராமுக்கோ இடம் கிடைத்தது. ஒருவர் பலத்தால் மற்றவர் பலம் கூடியது.

மூவருக்கும் 1961, 62, 63 என்று அடுத்தடுத்து அர்ஜூனா விருது கிடைத்தது. கோஸ்வாமிக்கு 1983-லும், பானர்ஜிக்கு 1990-லும் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. பலராமுக்கு வரவில்லை. கல்கத்தா அருகே உத்தரபாராவில் அமைதியாக வாழ்ந்த அவர், 2023 பிப்ரவரி 16-ந் தேதி காலமானார். மற்ற இருவரும் 2020-லேயே மறைந்துவிட்டார்கள்.

பிழைப்பு தேடி வெளிமாநிலம் போன தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, அங்கேயே வளர்ந்து இந்தியாவுக்கு தங்கம் வாங்கித் தந்தார். கல்கத்தாவில் வங்காளிகள் அவரை தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியுமா? இன்று இரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், இந்தக் கதையை சொல்லுங்கள்.