முளையத்தை அமைப்பது யார்?

கோழிமுட்டை அடைகாக்கப்பெற்று 21 நாளிற் குஞ்சாகின்றது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெண்கருவும் மஞ்சட்கருவுமன்றிப் பிறிதொன்றும் கண்ணுக்குப் புலப்படாத அம்முட்டையினுள்ளே கண்ணும் அலகும் காலும் இறகும் எங்ஙனம் வந்தன? இவ்வினா மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கி. மு. நான்காம் நூற்றாண்டிலேயே, அடைகாத்த முட்டைகளை வெவ்வேறு நாள்களில் உடைத்து ஆராய்ந்தார். மூன்று நாள் கழிந்தபின் இதயம் ஒரு செம்புள்ளியாகத் துடிப்பதைக் கண்டு எழுதிவைத்தார்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இதுபற்றி இரு கொள்கைகள் நிலவின. முழு உயிரும் மிக நுண்ணிய உருவில் முன்னமே அமைந்திருக்கின்றது, வளர்ச்சி என்பது அது பெரிதாதலே என்றனர் ஒருசாரார். அவ்வாறாயின் அச்சிற்றுருவினுள்ளே அதன் பிள்ளைகளும், அவற்றினுள்ளே பேரப்பிள்ளைகளும் முடிவின்றி அடங்கியிருத்தல் வேண்டுமன்றோ? 1759 ஆம் ஆண்டில் காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் என்பார் இக்கொள்கையை மறுத்தார். கோழி முளையத்தை நுணுகி நோக்கிய அவர், உறுப்புகள் முன்னரே இருந்தவையல்ல, படிப்படியாகப் புதிதாய்த் தோன்றுபவை என்று காட்டினார். ஆயின், உருவமற்ற ஒன்றிலிருந்து உருவத்தைத் தோற்றுவிப்பது எது என்ற கேள்வி எஞ்சிநின்றது.

இதனைக் கண்ணால் நோக்குவதோடு அமையாது, கையாற் சோதித்தும் அறிய முற்பட்டோர் ஜேர்மனிய அறிஞர்கள். 1888 ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ரூ என்பவர், இரண்டு கலங்களாகப் பிரிந்த தவளை முட்டையில் ஒரு கலத்தைச் சூடேற்றிய ஊசியாற் குத்திக் கொன்றார். எஞ்சிய கலம் அரை முளையமாகவே வளர்ந்தது. ஒவ்வொரு கலத்தின் விதியும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்று அவர் கருதினார். 1891 இல் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் முட்டையைக் கொண்டு இதனையொத்த சோதனையைச் செய்தார். அவர் கலத்தைக் கொல்லாமல், நீரிற் குலுக்கி இரண்டையும் பிரித்தார். ஒவ்வொன்றும் சிறியதாயினும் குறைவற்ற முழு உயிராக வளர்ந்தது! ரூவின் சோதனையில் இறந்த கலம் அகற்றப்படாமல் ஒட்டியிருந்தமையே அரை முளையம் தோன்றியதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இவ்விடத்திலே நம் கதைக்கு உரியவரான ஹான்ஸ் ஸ்பேமன் வருகின்றார். 1869 இல் பிறந்த இவர், நீர்ப்பல்லி என்று நாம் அழைக்கத்தகும் வாலுள்ள சிறு பிராணியைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தவளைக்கு உறவான இப்பிராணி நம் நாட்டிற் காணப்படுவதன்று. கடுகளவேயான அதன் முட்டையை அறுப்பதற்குத் தக்க கருவி அக்காலத்தில் இல்லை. ஆதலின் கைக்குழந்தையின் மெல்லிய தலைமயிரைச் சுருக்காக்கி, அதனால் முட்டையை இறுக்கினார். ஒரு திசையில் இறுக்கியபோது இரண்டு முழு உயிர்கள் வந்தன. வேறொரு திசையில் இறுக்கியபோது ஒரு பாதி முழு உயிராயிற்று. மறு பாதியோ தலையும் முதுகுமின்றி வயிற்றுப்பாகம் மட்டுமே கொண்ட வெறும் திரளையாய் நின்றது. முட்டையின் ஒரு பக்கத்திலே இன்றியமையாத ஏதோ ஒன்று உளது என்பது இதனாற் புலனாயிற்று.

அது யாது? முளையம் கலங்களாலான ஓர் உருண்டையாய் இருக்கும் பருவத்தில், அதன் ஒரு பக்கத்திற் சிறு பிளவு தோன்றுகின்றது. அப்பிளவின் மேலுதட்டின் வழியே கலங்கள் உள்ளே புரண்டு செல்கின்றன. 1918 இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பேமன், தோலாக வேண்டிய துண்டையும் நரம்பாக வேண்டிய துண்டையும் இடம் மாற்றி ஒட்டிய செய்தியைக் கூறினார். இளம் பருவத்தில் மாற்றினால் ஒவ்வொரு துண்டும் புதிய இடத்திற்கு ஏற்பவே வளர்ந்தது. சிறிது காலம் தாழ்த்து மாற்றினாலோ, பழைய இடத்திற்குரியதையே ஆக்கிற்று. இந்நெகிழ்ச்சிக்கு உட்படாமல், இளம் பருவத்திலும் தன் போக்கிலேயே சென்றது மேலுதடு ஒன்றுதான்.

இம்மேலுதட்டின் இயல்பை ஆராயும் பணி, பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்பேமனின் மாணவியாயிருந்த ஹில்டே மங்கோல்ட் என்னும் இளம்பெண்ணுக்கு வாய்த்தது. 1921, 1922 ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு இன நீர்ப்பல்லிகளின் முளையங்களை எடுத்துக்கொண்டார். ஓரினம் வெளிறியது, மற்றது கருநிறம் படிந்தது. வெளிறிய முளையத்தின் மேலுதட்டை வெட்டியெடுத்து, கரிய முளையத்தின் எதிர்ப்பக்கத்திலே பதித்தார். நிறம் வேறாகையால், பின்னர் எந்தக் கலம் எதனுடையது என்பதைப் பிரித்தறிய முடிந்தது. நுண்கிருமி தொற்றாமற் காக்கும் மருந்துகள் இல்லாத காலம் அது. சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட முளையங்கள் பெரும்பாலும் மடிந்தன. தப்பிய சிலவற்றிலே, கரிய முளையத்தின் வயிற்றுப்புறத்தில், முதுகும் நரம்புக்குழாயும் உடைய இரண்டாம் முளையம் ஒன்று தோன்றியிருந்தது!

வியப்பு அதனோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் முளையத்தின் நரம்புக்குழாய் பெரும்பாலும் கரிய கலங்களாலேயே ஆகியிருந்தது. வெளியிலிருந்து வந்த துண்டு தானே முழு உடலாக வளரவில்லை. வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டிய அயற் கலங்களை நரம்பாகத் திருப்பிவிட்டது. ஊருக்குப் புதிதாய் வந்த மேற்பார்வையாளர் ஒருவர், தம் ஆள்களைக் கொண்டுவராமல், அவ்வூர்த் தொழிலாளரையே கொண்டு வீடொன்றைக் கட்டிமுடித்தாற் போன்றது இது. இதுபற்றியே ஸ்பேமன் அப்பகுதிக்கு அமைப்பாளன் எனப் பொருள்படும் பெயரிட்டார்.

இவ்வாய்வு 1924 இல் ஸ்பேமனின் பெயர் முன்னும் மங்கோல்டின் பெயர் பின்னுமாக வெளியாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில், வீட்டுச் சமையலறை அடுப்பிலிருந்து பற்றிய தீயினால் மங்கோல்ட் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 25. கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. 1935 இல் மருத்துவத்துக்கான நோபெற் பரிசு ஸ்பேமனுக்கு வழங்கப்பட்டது. அதன் காரணமாய்ச் சுட்டப்பட்டது இந்த அமைப்பாளனின் கண்டுபிடிப்பே. தன் கைகளால் அதனைச் செய்துகாட்டியவர் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். அவர் பெயரை அறியாமல் இச்சோதனையை மட்டும் கற்பது குறைபட்ட கல்வியாகும்.

பறவைகளின் முளையத்திலும் இத்தகைய பகுதி உண்டென்பதை 1930களில் வாடிங்டன் காட்டினார். ஆயின், அமைப்பாளன் அனுப்பும் செய்தி யாதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1990களிலேதான் நொகின், கோர்டின் என்னும் புரதங்கள் கண்டறியப்பட்டன. இவை ஆற்றும் தொழில் எவரும் எதிர்பாராதது. முளையத்தின் புறப்படைக் கலங்களுக்கு, “தோலாகுக” என்னும் செய்தியை வேறொரு வகைப் புரதம் இடைவிடாது அளித்துக்கொண்டிருக்கின்றது. அமைப்பாளனிலிருந்து வரும் புரதங்கள் அதனைப் பற்றிக்கொண்டு, அச்செய்தி கலங்களை எட்டாமல் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட இடத்திலே கலங்கள் நரம்பாகின்றன. எனவே, நாம் மேலே கூறிய மேற்பார்வையாளர் உரத்த குரலில் ஆணையிடுபவர் அல்லர். பிறிதோர் ஆணை காதில் விழாமற் காப்பவர் என்று உவமையைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே பழைய இரு கொள்கைகளுள் எது வென்றது? உறுப்புகள் புதிதாய்த் தோன்றுகின்றன என்ற வோல்ஃபின் கூற்றே நிலைபெற்றது. எனினும், ஒவ்வொரு கலமும் தன் மரபுச் செல்வத்தைத் தன்னுள் கொண்டே பிறக்கின்றது. அச்செல்வத்துள் எதனை எடுத்து வழங்குவது என்பதை அது நிற்கும் இடமும், அடுத்துள்ள கலங்களின் செய்தியும், அச்செய்தி வந்தடையும் காலமும் கூடித் தீர்மானிக்கின்றன. உரிய பருவம் கடந்தபின் வரும் செய்தியை ஏற்கும் ஆற்றல் அக்கலத்துக்கு இல்லை. 21 நாளில் ஓடுடைத்து வெளிவரும் குஞ்சின் ஒவ்வோர் உறுப்பும், எண்ணற்ற கலங்கள் ஒன்றன் செய்தியை மற்றொன்று காலத்தில் ஏற்றதன் பயனே என்று அறிக.