தீர்ப்பு எப்போ வரும், டாக்டர்?

'தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். பலர் இதை வாய்தா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. இரு தரப்பு வாதமும் முடிந்துவிட்டது, நீதிபதி தீர்ப்பு எழுத வேண்டியதுதான் பாக்கி என்று அர்த்தம்.

நில வழக்கு என்றால் இந்தக் காத்திருப்பு மன உளைச்சலோடு போகும். மருந்துக் காப்புரிமை வழக்கு என்றால்? நோயாளி வீட்டில் தூக்கமே வராது!

நம் சென்னையில் தொடங்கிய கிளிவெக் வழக்கைப் பாருங்கள். இது ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. நோவார்ட்டிஸ் கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. (இந்த அலுவலகம் இப்போது கிண்டியில், நாம் தினமும் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருக்கிறது.) கம்பெனி மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குள் தந்தன. வழக்கு ஜெயித்தால் அந்த மலிவு மருந்து நின்றுபோகும் என்ற பயம்.

2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம், 2009-ல் மேல்முறையீட்டு வாரியம், அப்புறம் உச்ச நீதிமன்றம். அங்கே 2012 டிசம்பரில் வாதங்கள் முடிந்தன. 2013 ஏப்ரல் 1-ல் தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய நாலு மாதம்! காப்புரிமை கிடையாது என்றது கோர்ட். பழைய மருந்தின் புது வடிவம், குணப்படுத்தும் திறனில் மேம்பட்டிருந்தால்தான் காப்புரிமை என்பது நம் சட்டம்.

ஏன் இவ்வளவு நாள்? ரசாயனம், மருத்துவம், சட்டம் மூன்றையும் நீதிபதி அலச வேண்டும். குடிநீர் காய்ச்சுகிற மாதிரிதான். எட்டில் ஒன்றாக வற்றும் முன்பே இறக்கினால் மருந்தில் சத்து இராது. அடுப்பிலேயே மறந்துவிட்டாலோ கருகிப் போகும்.

அதனால்தான் வரம்பும் உண்டு. 2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டப்படி, காப்புரிமை வழக்குகளில் வாதம் முடிந்த 90 நாளுக்குள் தீர்ப்பு தர வேண்டும். உயர் நீதிமன்றங்களில் 3 மாதமாகியும் தீர்ப்பு வராவிட்டால் சீக்கிரம் தரும்படி மனு போடலாம். 6 மாதம் தாண்டினால், வேறு நீதிபதிகளிடம் மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம் என்று 2001-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் தாமதம் ஆகிறது என்பதும் உண்மைதான்.

சித்த மருத்துவனான நான் சொல்ல வேண்டியது இது: வழக்குச் செய்தியைப் படித்துவிட்டு, 'இனி கிடைக்காதோ' என்று மாத்திரையைப் பாதியாக்குவது, நாள் விட்டு நாள் சாப்பிடுவது, எங்கள் கஷாயத்தை நம்பி அதை நிறுத்துவது எதுவும் கூடாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் புற்றுநோய் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வழி இருக்கும். தீர்ப்பு வருகிறபோது வரட்டும். மாத்திரை மட்டும் ஒரு நாளும் தவறக் கூடாது.