எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? வேகம் இல்லை, சூடுதான் சவால்!

ஆக்ஸிலரேட்டரை மிதித்த 2.2 விநாடியில் 100 கி.மீ. வேகம்! வைசாக் பேக்கேஜ் உள்ள போர்ஷே டைகான் டர்போ ஜிடி காருக்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு இது. கோடிகளில் விலை போகும் பெட்ரோல் சூப்பர் கார்களையே இப்படிப்பட்ட எலெக்ட்ரிக் கார்கள் நேர்ச்சாலையில் ஓரங்கட்டிவிடுகின்றன.

அப்போ ரேஸ் டிராக்கிலும் இவைதான் ராஜாவா? ஒரே ஒரு சுற்று என்றால், ஆமாம் என்று சொல்லிவிடலாம். அடுத்தடுத்து பத்து சுற்று ஓட்ட வேண்டும் என்றால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

'டிராக் டே' என்றால் என்ன?

சொந்தக் காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய், கட்டணம் கட்டி, அங்கே வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்தான் 'டிராக் டே'. இது போட்டி இல்லை, பரிசும் கிடையாது. பொதுவாக 15 முதல் 20 நிமிடம் வரை ஒரு செஷன். பிறகு ஓய்வு. மறுபடி அடுத்த செஷன்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் இதில் உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள நார்ட்ஷ்லைஃப டிராக்கின் நீளம் 20.8 கி.மீ. பொதுமக்களுக்காகத் திறந்துவிடும் நாட்களில், டோல் கட்டுவது போல சுற்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். தமிழ்நாட்டிலும் டிராக்குகள் உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகியவை அப்படிப்பட்டவை.

முதல் சுற்றில் புலி, மூன்றாவது சுற்றில்?

நார்ட்ஷ்லைஃபவில் டைகான் டர்போ ஜிடி 7 நிமிடம் 7.55 விநாடியில் ஒரு சுற்றை முடித்தது. அசுர வேகம்தான். ஆனால் இது போன்ற சாதனைகள் எல்லாமே சரியான வெப்பநிலையில் தயாராக இருக்கும் பேட்டரியுடன் ஓடிய ஒற்றைச் சுற்றுகள்.

டிராக் டேயில் நிலைமை வேறு. சாதாரணச் சாலைக்காக வடிவமைத்த எலெக்ட்ரிக் காரை டிராக்கில் இறக்கினால், முதல் சுற்று அட்டகாசமாக இருக்கும். இரண்டு, மூன்று சுற்று போனதும் கார் கொஞ்சம் மந்தமாகும். மிதித்தாலும் பழைய இழுவை வராது. "கார் ஏதோ ரிப்பேர் ஆயிடுச்சு போல" என்று ஓட்டுபவர் பயந்துவிடுவார். உண்மையில் ரிப்பேர் எதுவும் இல்லை. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க, காரின் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடுகிறது.

பேட்டரி ஏன் இவ்வளவு சூடாகிறது?

பள்ளியில் படித்த இயற்பியல்தான். மின்கடத்தியில் உருவாகும் வெப்பம், அதில் ஓடும் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் 2 மடங்கானால் வெப்பம் 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு!

நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது நாலைந்து விநாடிதான் முழு பவரும் தேவை. அதன்பிறகு பேட்டரி ஆறிக்கொள்ளும். டிராக்கில் ஆற நேரமே இல்லை. நேர்பாதையில் முழு மிதி, வளைவுக்கு முன் பலமான பிரேக், வளைவைத் தாண்டியதும் மறுபடி முழு மிதி. இதில் பிரேக் பிடிக்கும் நேரமும் ஓய்வு கிடையாது. எலெக்ட்ரிக் கார்கள் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி, மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பும். இதற்கு 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' என்று பெயர். போகும்போதும் சூடு, வரும்போதும் சூடு.

லித்தியம் அயன் பேட்டரிக்குச் சௌகரியமான வெப்பநிலை சுமார் 20 முதல் 40 டிகிரி செல்சியஸ். மே மாதச் சென்னையில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றை நம்பி பேட்டரியைக் குளிர்விக்க முடியாது. ஏசி போன்ற குளிர்விப்பு அமைப்பு இடைவிடாமல் உழைக்க வேண்டும்.

கார் நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

இந்தச் சிக்கலை மனதில் வைத்தே உருவான கார்களில் ஒன்று ஹூண்டாய் ஐயோனிக் 5 என். 2023-ல் அறிமுகமான இந்தக் காரில் 84 கிலோவாட் ஹவர் பேட்டரி. டிராக்கில் இறங்கும் முன்பே பேட்டரியை 20 முதல் 30 டிகிரிக்குக் குளிர்வித்துவைக்கும் வசதி இதில் உண்டு. 'ஸ்பிரின்ட்', 'எண்டியூரன்ஸ்' என இரண்டு மோடுகளும் உள்ளன. முதலாவது, குறைந்த நேரத்துக்கு முழு பவர். இரண்டாவது, பவரைக் கொஞ்சம் அடக்கி அதிக சுற்றுகள்.

நார்ட்ஷ்லைஃபவில் பவர் குறையாமல் 2 சுற்று ஓடும் என்பதுதான் இந்தக் காரை உருவாக்கியவர்கள் வைத்த இலக்கு. அதாவது சுமார் 42 கி.மீ. ஐரோப்பிய டெஸ்ட் முறைப்படி ஒரு சார்ஜுக்கு சுமார் 450 கி.மீ. ஓடும் கார் இது. சாலைக்கும் டிராக்குக்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

எவ்வளவு மின்சாரம் செலவாகும்?

ஒரு கிலோவாட் ஹவர் என்பது நம் ஈபி பில்லில் வரும் ஒரு யூனிட். டிராக்கில் ஒரு கார் சராசரியாக 120 கிலோவாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்தில் 40 யூனிட் காலி. தமிழ்நாட்டில் 2016-ல் ஒரு வீட்டுக்கு 2 மாதத்துக்கு அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரமே 100 யூனிட்தான்!

பணத்தைவிடப் பெரிய தலைவலி நேரம். அந்த 40 யூனிட்டைத் திரும்ப ஏற்ற 7.4 கிலோவாட் வீட்டு சார்ஜரில் ஐந்தரை மணி நேரம் ஆகும். 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் 40 நிமிடம். டிராக்கில் ஃபாஸ்ட் சார்ஜர் இல்லையென்றால் அன்றைய கதை ஒன்றிரண்டு செஷனோடு முடிந்துவிடும். இன்னொரு விஷயம், ஃபாஸ்ட் சார்ஜிங்கும் பேட்டரியைச் சூடாக்கும். சார்ஜ் ஏறிய கையோடு டிராக்கில் இறங்கினால், சூட்டோடுதான் ஆட்டம் தொடங்கும்.

ஃபார்முலா ஈ ரேஸ்களிலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. 2014 முதல் 2018 வரை, ஒரு ரேஸை முடிக்க ஒரு பேட்டரி போதாமல், வீரர்கள் பாதி ரேஸில் இறங்கி இன்னொரு காருக்குத் தாவினார்கள்!

பிரேக், டயர் தாங்குமா?

ஐயோனிக் 5 என் காரின் எடை சுமார் 2.2 டன். டிராக் பிரியர்களின் செல்லமான போர்ஷே 911 ஜிடி3 ஏறக்குறைய 1.45 டன். முக்கால் டன் கூடுதல் எடையை ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் டயரும்தான் சுமக்க வேண்டும்.

ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் இருப்பதால் பிரேக் பேடு கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தாலோ, அதிகம் சூடாகியிருந்தாலோ அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடம் இருக்காது. அப்போது மொத்தச் சுமையும் பேடு, டிஸ்க் மீது விழும். இதில் பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் என்றால் அது 155 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. உயிருக்கே ஆபத்து.

தீப்பிடித்தால்?

பெட்ரோல் காரை விட எலெக்ட்ரிக் காரில் தீயை அணைக்கும் விதம் வேறு. பேட்டரி செல் ஒன்று சேதமாகிக் கட்டுப்பாடில்லாமல் சூடானால், பக்கத்து செல்லுக்கும் அது பரவும். அணைக்க நிறைய தண்ணீர் தேவை. அணைந்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளலாம். 400 முதல் 800 வோல்ட் வரை மின்னழுத்தம் இருப்பதால், விபத்தான காரைத் தொடவே பயிற்சியும் இன்சுலேட்டட் கையுறையும் வேண்டும். அதனால்தான் சில டிராக்குகளும் டிராக் டே ஏற்பாட்டாளர்களும் எலெக்ட்ரிக் கார்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்குதான் பலருக்குக் கையைக் கடிக்கும். இந்தியாவில் வழக்கமான கார் பாலிசியில் ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது. "நாங்க ரேஸ் ஓட்டல, சும்மா பழகினோம்" என்று சொன்னாலும் கிளெய்ம் மறுக்கப்படலாம். நூர்பர்க்ரிங்கில் தடுப்புக் கம்பியில் இடித்தால், அதைச் சரிசெய்யும் செலவும் ஓட்டியவர் தலையில்தான். எலெக்ட்ரிக் காரில் அடிப்பகுதி பேட்டரி சேதமானால் செலவு லட்சங்களில் போகும்.

டிராக்குக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

* எலெக்ட்ரிக் காருக்கு அனுமதி உண்டா, ஃபாஸ்ட் சார்ஜர் உண்டா என முதலிலேயே கேட்டுவிடுங்கள்.
* வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் டிராக் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.
* பேட்டரியை 100 சதவீதம் வரை ஏற்றாமல் கொஞ்சம் குறைவாக நிறுத்துங்கள். சார்ஜ் மிகவும் இறங்கினாலும் பவர் குறையும்.
* பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பேடு, டயர் தேய்மானத்தைப் பாருங்கள். டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும் என்பதால் ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் சரிபாருங்கள்.
* இரண்டு, மூன்று வேகச் சுற்றுக்குப் பிறகு ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.
* முடிந்தவரை டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தேர்வு செய்யுங்கள்.

அப்போ எலெக்ட்ரிக் கார் வேண்டாமா?

அப்படி இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவருக்கு இதில் நன்மைகளும் உண்டு. கியர் மாற்றும் கவலை இல்லை. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் சொல்வது தெளிவாகக் கேட்கும். ஒலிக் கட்டுப்பாடு உள்ள டிராக்குகளிலும் சிக்கல் வராது. பேட்டரி அடியில் இருப்பதால் வளைவுகளில் கார் நிலையாகவும் இருக்கும்.

ஆனால் டிராக்குக்காக எலெக்ட்ரிக் கார் வாங்குபவர்கள் ஷோரூமில் "எத்தனை விநாடியில் 100 தொடும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "முழு பவரில் எத்தனை நிமிடம் தாங்கும்?" என்றும் கேட்க வேண்டும்.