மவுஸை மாற்றினால் மட்டும் போதாது

நாள் முழுக்க கணினியில் வேலை செய்கிறவர் மணிக்கட்டு குடைகிறது என்றால், பல அலுவலகங்கள் வேறொரு மவுஸை வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துவிடுகின்றன. நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் இது எவ்வளவு அரைகுறையான தீர்வு என்பது புரியும். மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை வழியாக ஒரு நரம்பும், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே அழுத்தம் கூடினால் நரம்பு நசுங்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 14 பேரின் மணிக்கட்டுக்குள் அந்த அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார்கள். கை சும்மா இருக்கையில் 5 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருந்தது, மவுஸால் எதையாவது பிடித்து இழுக்கும்போது 30ஐ ஒட்டி ஏறியது. மூன்று வகை மவுஸ் கொடுத்தும் பெரிய வேறுபாடு இல்லை. செங்குத்து மவுஸ் முன்கையின் முறுக்கத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் விரல் செய்யும் வேலையை அது குறைப்பதில்லை.

ஆகவே கைக்கு முதலில் வேண்டியது இடைவேளை. இடைவேளை விட்டால் வேலை தேங்கும் என்பார்கள் நிர்வாகிகள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடமே இதைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான இடைவேளைகளோடு, நாளில் கூடுதலாக 20 நிமிடம், ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். உடல்வலியும் கண்சோர்வும் குறைந்தன. வேலையின் அளவு குறையவில்லை. கணினியால் மணிக்கட்டு நரம்பு பாதிக்கப்படுவதே நிரூபணமாகவில்லை என்ற மறுப்பும் உண்டு. 2003இல் வந்த டென்மார்க் ஆய்வு கீபோர்டுக்கு அப்படித் தொடர்பு காணவில்லை என்பது சரி. அதே ஆய்வுதான் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களுக்கு அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு கூடுவதையும் கண்டது. கழுத்து, தோள், முன்கை வலிகளோ தனிக் கணக்கு.

பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது இந்தியாவின் 2020ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்கவும், குறையை முறையிடவும் ஊழியருக்கு உரிமை தருகிறது. இடைவேளையைச் சலுகையாகக் கெஞ்ச வேண்டாம். முறையீடாக எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் தைலம் தடவி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போய், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லிச் சீட்டில் பதியச் செய்யுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, தகுதி இருந்தால், மருத்துவ விடுப்பு நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும்.