காற்றில் இருக்கும் வெந்நீர்

1884ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று பெங்களூரில் வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியது. அந்த நகரத்தின் வானிலைப் பதிவேட்டில் அதைவிடக் குளிர்ந்த நாள் இன்றுவரை இல்லை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர்களிடம் போய், வெளியே வீசும் காற்றில் நிறைய வெப்பம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் வெப்பமே இல்லாத நிலை என்பது சுழிக்குக் கீழே 273 டிகிரியில்தான் வருகிறது. அதற்கு மேலே உள்ள எந்தக் காற்றிலும் எடுத்துக்கொள்ள வெப்பம் உண்டு. அப்படி எடுத்து, நாம் குளிக்கிற தண்ணீரில் கொண்டுவந்து சேர்க்கும் இயந்திரம்தான் ஹீட் பம்ப்.

குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்க இதை வைத்திருக்கிறார்கள். நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. பெங்களூரில் வீட்டைச் சூடாக்கும் தேவை யாருக்கும் இல்லை, தண்ணீரைச் சூடாக்கினால் போதும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையைப் போல மார்கழி, தை என்று இரண்டு மாதத்தோடு வெந்நீர் முடிந்துவிடுவதில்லை. ஆடியிலும் ஐப்பசியிலும் காலையில் வெந்நீர் கேட்கிற ஊர் அது. அதே சமயம் ஜனவரி விடியலில்கூடக் காற்று சராசரியாக 15, 16 டிகிரியில் இருக்கிறது. தேவை ஆண்டு முழுவதும், காற்றோ எப்போதும் மிதமானது. ஹீட் பம்புக்கென்றே அமைந்த ஊர் என்று பெங்களூரைத் தயங்காமல் சொல்வேன்.

அங்கே வெந்நீர் வந்த வழி நீளமானது. பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் 'பச்சலு மனெ' என்ற குளியலறையில் ஹண்டே என்ற பெரிய செம்பு அண்டா ஒன்று இருக்கும். அதன் அடியில் விறகும் தென்னை மட்டையும் எரியும். பிறகு மின்சார கீசர் வந்தது. அதன் பின் சோலார். மொட்டைமாடிகளில் சோலார் தொட்டிகளை இத்தனை வரிசையாகப் பார்க்கக் கிடைக்கும் இந்திய நகரங்கள் சிலவே. தனி வீட்டுக்கு சோலார் இன்றும் அருமையான ஏற்பாடு. ஆனால் பதினைந்து மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தை அத்தனை வீட்டுக்கும் பங்கு போட முடியாது. மேலிருந்து இரண்டாம் மாடிக்கு வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர் வீணாக ஓடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் முகம் காட்டாத நாட்களில் சோலார் தொட்டிக்குள் இருக்கும் மின்சுருள்தான் முழு வேலையும் செய்கிறது, அதாவது அது கீசராகிவிடுகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிய, கார்பன் மோனாக்சைடு நிரம்பி உயிர் போன செய்திகளும் அந்த நகரத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. ஹீட் பம்பில் நெருப்பே இல்லை என்பது ஒன்றே பல வீடுகளுக்குப் போதுமான காரணம்.

இயந்திரத்துக்குள் நடப்பது இதுதான். ஒரு ஃபேன் வெளிக்காற்றை ஒரு காயிலின் மேல் இழுக்கிறது. காயிலுக்குள் ஓடுவது மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு திரவம். மெக்கானிக்குகள் இதை 'கேஸ்' என்பார்கள். பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ சாதாரண அழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே நமக்குக் குளிராகத் தெரியும் காற்றின் வெப்பமே அதைக் கொதிக்கவைக்கப் போதும். கொதித்து ஆவியானதை கம்ப்ரஸர் அழுத்துகிறது. அழுத்தும்போது அதன் வெப்பநிலை தண்ணீரைவிட மேலே ஏறிவிடும். அந்தச் சூடான ஆவி தொட்டியைச் சுற்றியுள்ள குழாயில் ஓடி, வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. ஒரு குறுகிய வால்வு வழியே வெளியேறி, அழுத்தம் இறங்கிக் குளிர்ந்து, மீண்டும் காற்றைத் தேடிப் போகிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் நடப்பதும் இதே சுற்றுதான். ஃப்ரிட்ஜின் பின்புறம் வீணாகும் சூட்டை இங்கே நாம் பிடித்துக்கொள்கிறோம்.

இது புதிய யோசனையே இல்லை. 1852இலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், எரிபொருளை நேரே எரிப்பதைவிட இப்படி வெப்பத்தை இறைப்பது சிக்கனம் என்று எழுதிவிட்டார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் எபென்ஸே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் இந்தக் கொள்கையில் ஓர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1938இல் சூரிச் நகரமன்றம் பக்கத்தில் ஓடும் லிம்மட் ஆற்றிலிருந்து வெப்பத்தை இறைத்துத் தன் கட்டடத்தைச் சூடாக்கியது.

இந்த இயந்திரத்தை நன்றாக ஓட்டுவதற்கு ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும். பெங்களூரில் பெரும்பாலான வீடுகளில் சம்ப் என்ற நிலத்தடித் தொட்டி உண்டு. சம்பிலிருந்து மோட்டார் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. கட்டடம் உயர உயர, அதே அளவு தண்ணீருக்குக் கரண்ட் அதிகம் செலவாகும். ஹீட் பம்பும் அப்படியே. வெளிக்காற்றுதான் சம்ப், வெந்நீர்த் தொட்டிதான் மேல்தொட்டி. இரண்டுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் ஏற்ற வேண்டிய உயரம். அந்த உயரம் ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு, மூன்று சதவீதம் கரண்ட் கூடும். இனிச் சொல்லப்போகும் பராமரிப்பில் பாதி, இந்த உயரத்தைத் தேவையில்லாமல் கூட்டாமல் இருப்பதுதான்.

முதலில் கணக்கு. 22 டிகிரியில் வரும் 100 லிட்டர் தண்ணீரை 52 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்றரை யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் அதை மூன்றரை யூனிட் கரண்ட் எடுத்துத்தான் கொடுக்கும், அதற்கு வேறு வழி இல்லை. நல்ல நிலையில் உள்ள ஹீட் பம்ப் ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட்டில் முடித்துவிடும். மீதி காற்றிலிருந்து வருகிறது. இதற்குப் பொறுமை தேவை. 3 கிலோவாட் கீசர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு குளியலுக்குத் தண்ணீர் தந்துவிடும். ஹீட் பம்ப் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாக இழுத்துக்கொண்டு, 200 லிட்டர் தொட்டியைச் சூடாக்க மூன்று மணி நேரம் எடுக்கும். கீசரைப் போல குளிக்கப் போகும்போது சுவிட்சைப் போடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். டைமர் வைத்து ஓட்ட வேண்டிய இயந்திரம் இது.

எந்த நேரத்தில்? பலரும் காலை நாலு மணிக்கு வைக்கிறார்கள். அப்போதிலிருந்து விடியும் வரைதான் அந்த நாளின் மிகக் குளிர்ந்த காற்று, சம்ப் மிக ஆழத்தில் இருக்கும் நேரம். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஓட விட்டால் காற்று விடியலைவிடச் சுமார் பத்து டிகிரி சூடாக இருக்கும். நல்ல காப்புள்ள தொட்டியில் மறுநாள் காலைக்குள் சில டிகிரிதான் இறங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. 2,050 மெகாவாட் திறனுள்ள கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா நன்றாக மின்சாரம் தரும் நேரம் அது. வீட்டுக் கூரையிலேயே பேனல் இருந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் வந்து குளிக்கிறவர்கள் அதிகமுள்ள வீட்டில் மட்டும், மாலையில் இன்னொரு மணி நேரம் ஓட விடலாம்.

எவ்வளவு சூட்டில் வைப்பது? குளிக்கத் தேவை 40, 42 டிகிரிதான். 50 முதல் 52 வரை வைத்துக் கலந்துகொண்டால் போதும். எப்போதும் 60இல் வைத்திருப்பது கரண்டையும் தின்னும், குழந்தைகளுக்கும் ஆபத்து. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் மிகக் குறைத்தும் வைக்கக் கூடாது. 25 முதல் 45 டிகிரி வரை தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவரின் நுண்துளியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்த பலர் இதனால் இறந்த பிறகுதான் இந்தக் கிருமியே உலகுக்குத் தெரிந்தது. வாரம் ஒருமுறை தொட்டியை 60க்கு ஏற்றி இறக்கினால் இந்தக் கவலை தீரும். பல இயந்திரங்களில் அதற்குத் தனிப் பொத்தானே உண்டு. ஊருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பினால், இதைச் செய்யாமல் ஷவரில் நிற்க வேண்டாம்.

பல ஹீட் பம்புகளின் தொட்டியில் அவசரத்துக்கு ஒரு மின்சுருளும் இருக்கும். விருந்தாளிகள் வந்த நாளில் அதைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோகும் வீடுகள் உண்டு. ஹீட் பம்ப் வாங்கியும் பில் குறையவில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, இயந்திரம் நிற்கும் இடம். பெங்களூர் அபார்ட்மென்ட்களில் சமையலறையை ஒட்டி, துணி துவைக்க 'யூட்டிலிட்டி' என்று ஒரு சிறு பால்கனி இருக்கும். ஹீட் பம்பை வைக்க நல்ல இடம். ஆனால் தூசிக்கும் மழைக்கும் பயந்து அதைக் கண்ணாடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். இயந்திரம் வெளியே விடும் காற்று குளிர்ந்தது. அடைத்த இடத்தில் அந்தக் குளிர்க்காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்கும். தன் சம்பைத் தானே ஆழமாக்கிக்கொள்வது போலத்தான். ஒரு பக்கமாவது முழுவதும் திறந்திருக்க வேண்டும். வெளியேறும் காற்று உள்ளிழுக்கும் வாயைப் பார்க்காமல் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் சத்தம் அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குக் கேட்காத சுவராகவும் பார்ப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. இயந்திரத்தின் கீழே தண்ணீர் சொட்டினால் ஓட்டை என்று பதற வேண்டாம். காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து வடிகிறது. மழைக்காலத்தில் நிறையவே வடியும். ஒரு சிறு குழாய் வைத்து வடிகாலில் விட்டுவிடலாம்.

எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும் நகரம் என்பதால் சிமென்ட் தூசி காயிலின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடையும். புறாக்கள் பின்னால் கூடு கட்டும். காற்று போகாத காயில் இன்னும் குளிர்ந்து, ஏற்ற வேண்டிய உயரத்தைக் கூட்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்சிபியை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தட்டிவிட்டு, ஃபில்டர் இருந்தால் கழுவிப் போட்டால் போதும். கார் கழுவும் பிரஷர் பம்பை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது, தகடுகள் மடங்கிவிடும்.

காற்றுப் பக்கத்தைவிடத் தண்ணீர்ப் பக்கம்தான் அங்கே பெரிய தலைவலி. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஏறிவரும் காவிரி நீர் ஓரளவு மென்மையானது. போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் அப்படி இல்லை. பல அபார்ட்மென்ட்களில் மூன்றும் கலந்து வரும், கோடையில் கலவை மாறும். 2024 கோடைத் தட்டுப்பாட்டில் டேங்கரையே நம்பியிருந்த வீடுகளில் குழாய் முனையில் வெள்ளை வளையம் படிந்ததைப் பார்த்திருப்பார்கள். அதே சுண்ணாம்புப் படிவு தொட்டிக்குள்ளும் சேர்கிறது. வெப்பம் அந்தப் படிவைத் தாண்டித் தண்ணீருக்குப் போக, உள்ளே ஆவி இன்னும் சூடாக வேண்டியிருக்கும். தொட்டியைத் துருவிலிருந்து காப்பதற்காக மெக்னீசியத்தால் ஆன ஆனோட் ராடு ஒன்று உள்ளே தொங்குகிறது. தொட்டியின் இரும்புக்குப் பதிலாக அது தன்னை அரித்துக்கொள்கிறது. அது கரைந்து தீர்ந்த நாளிலிருந்து தொட்டி கரையத் தொடங்கும். வருஷம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்ப்பதும், அடியில் உள்ள வால்வைத் திறந்து வண்டலை வடிப்பதும் கட்டாயம். ராடை மாற்றும் செலவு, தொட்டியை மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இதற்கு நாள் குறிக்கக் கர்நாடகத்தில் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலை அங்கே 'நீரு தும்புவ ஹப்ப', தண்ணீர் நிரப்பும் பண்டிகை. ஹண்டேயைப் புளி போட்டுத் தேய்த்து, பூச்சூட்டி, எண்ணெய்க் குளியலுக்குப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் வருடாந்திரப் பராமரிப்பையே பண்டிகையாக்கி வைத்திருந்த ஊர். அந்த வாரத்திலேயே சர்வீஸ்காரரையும் வரச்சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களில் சமரசமே கூடாது. ஒன்று எர்த். தனி எம்சிபி, நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் விழும் ஆர்சிசிபி மூன்றும் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. மற்றொன்று சேஃப்டி வால்வு. 200 லிட்டர் தண்ணீர் 30 டிகிரி சூடேறினால் இரண்டு லிட்டருக்கு மேல் பெருகும். அது போக வழியில்லாவிட்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதற்காகத்தான் அந்த வால்வு அவ்வப்போது சொட்டுகிறது. சொட்டுகிறதே என்று மூடி போட்டு அடைப்பது தொட்டியை வெடிகுண்டாக்குவதற்குச் சமம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வரும், கை விலகியிருக்கட்டும்.

கேஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். "வருஷம் ஒரு தடவை கேஸ் போடணும் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது மூடிய சுற்று, தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது பணத்தோடு வேறொன்றையும் விரயமாக்குகிறது. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால், 2,000 யூனிட் மிச்சப்படுத்திய பலன் ஒரே கசிவில் போய்விடும். 2016இல் கிகாலியில் உருவான ஒப்பந்தம் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்தியாவும் 2021இல் அதை ஏற்றது. மாற்றாக வரும் ஆர்-290, சுத்தமான புரோப்பேன். புவியைச் சூடாக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும். அந்த இயந்திரத்தைப் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் பிரிக்கக் கூடாது, வேறு வாயுவை அதில் நிரப்பவும் கூடாது.

எல்லோரும் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கீசரைவிட விலை பல மடங்கு. ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டில், நாளுக்கு ஒரு வாளி வெந்நீருக்கு 15 லிட்டர் கீசரே சரி. நல்ல வெயில் படும் சொந்த மாடி இருப்பவருக்கு சோலாரே மலிவு. நாலைந்து பேர் தினமும் குளிக்கிற, மாடியில் பங்கில்லாத, யூட்டிலிட்டியில் காற்றோட்டமுள்ள வீட்டுக்கு ஹீட் பம்ப் சில ஆண்டுகளில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: உள்ளே இருப்பது எந்த கேஸ், ஆனோட் ராடு தனியாகக் கிடைக்குமா, அதைக் கழற்ற இயந்திரத்துக்கு மேலே எவ்வளவு இடம் விட வேண்டும். கடைசிக் கேள்வியை, இயந்திரத்தைப் பொருத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தாழ்ந்த கூரைக்குக் கீழே பொருத்திவிட்டால், ராடை வெளியே எடுக்கத் தொட்டியையே இறக்க வேண்டிவரும்.