கம்பத்தடி வகுப்பு

எங்கள் பக்கம் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். எங்கோ அடிதடி நடந்திருக்கிறது, இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். தரப்புக்கு ஐந்து பேர் வருவார்கள், எல்லோரும் ஆண்கள். தாசில்தார் இருப்பார், இன்ஸ்பெக்டர் இருப்பார். டீ வரும். இனிமேல் எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய் நிற்பார்கள். அடுத்த திருவிழாவுக்கு மறுபடி அதே ஆபீஸ், அதே போல ஒரு தாள்.

அந்த ஆபீஸ் இருக்கும் திருச்சுழிக்கு அமைதியைத் தேடி வருகிறவர்களும் உண்டு. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. எங்கெங்கோ தூரத்து ஊர்களிலிருந்து வந்து, அந்த வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, திருமேனிநாதர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள் அதே ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இரண்டு காட்சியையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவள். அமைதி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு விளக்குக் கம்பம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, எட்டு வருஷமாகக் கார்டு வருமா என்று காத்திருந்தேன். கல்யாணமாகி, கையில் ஒரு பிள்ளை. புகுந்த ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே, குண்டாற்றைத் தாண்டி. அப்போதுதான் அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தது.

இளையவர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் எல்லா மாநிலங்களிலும் ஆசை பிறந்தது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து இறங்கினார்கள். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் போனார்கள். காமராஜர் மாவட்டம் என்று பெயர் கொண்டிருந்த எங்கள் மாவட்டத்தில் விருதுநகர்க் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ச. மாடசாமி போன்றவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். தெற்குச் சீமையில் இதற்காக அலைந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் பிறகு அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று புத்தகமாக்கினார். சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எங்களுக்குத் ‘தொண்டர்’ என்று பெயர். படிக்க வந்தவர்கள் ‘கற்போர்’.

முதல் சிக்கல் எழுத்தில் வரவில்லை, இடத்தில் வந்தது. சாவடியில் வகுப்பு வைத்தால், தலித்துகள் குடியிருக்கும் காலனியிலிருந்து பெண்கள் வர முடியாது. காலனியில் வைத்தால் தெருப் பெண்களை அனுப்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம் கோயிலை ஒட்டி இருந்தது. பத்து நாள் இதிலேயே போனது. கடைசியில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே, பஸ் நிற்கும் இடத்தில், ஒரு லைட் கம்பத்தைப் பார்த்தேன். அது நெடுஞ்சாலைத் துறையின் ரோடு. எந்தத் தெருக்காரரும் உரிமை சொல்ல முடியாது. அங்கே சாக்கை விரித்தேன். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கு.

முதல் வாரம் கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர். நடுவில் நாலடி வெற்றிடம். ஆனால் சிலேட்டுகள் பத்துதான் வந்திருந்தன. ஒருத்தி எழுதி அழித்ததை அடுத்தவள் வாங்க வேண்டும். முதலில் தரையில் வைத்துத் தள்ளினார்கள். எத்தனையாவது நாள் என்று நான் குறித்து வைக்கவில்லை. ஒரு நாள் பார்க்கும்போது கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

இன்னொரு சங்கதி. காலனியிலிருந்து அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா வருவார். என்னைத் ‘தாயி’ என்பார். எங்கள் வீட்டார் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட. நானும் அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். கரும்பலகையில் அவர் பெயரை எழுதி, அதைத் திருப்பி எழுதச் சொன்ன அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வயதுக்கு மேல் விரல் நடுங்க எழுதுகிறவரை எப்படிப் பெயர் சொல்லி அதட்டுவது? “பெரியம்மா, கொம்பு விட்டுப்போச்சு” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பெரியம்மா என்றது என் மாமியார் காதுக்கு எட்டி, இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் தெருப் பெண்கள் இரண்டு பேர் அதே முறையில் கூப்பிட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் கடைசிவரை மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சொற்களை நாங்கள் அவர்கள் வாயிலிருந்தே எடுத்தோம். மல்லி, வத்தல், கண்மாய், கரிமூட்டம். பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற வறண்ட ஊரில் 300 கூலிக்காரர்களுக்கு இப்படித்தான் அவர்களுடைய வேலைச் சொற்களைக் கொண்டு எழுத்து சொல்லிக் கொடுத்தார் என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அது அன்றைக்குத் தெரியாது. முள்ளு வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவளுக்கு ‘அணில்’ சொல்லிக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறு வருஷம் சித்திரையில் ஒரு சாயங்காலம். பஸ் ஸ்டாப்புச் சுவரில் தங்கள் தலைவரைத் திட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று தெருவுக்குள் ஒரு பேச்சு. யார் சொன்னது, யார் பார்த்தது, ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் இப்படித்தான் பற்றும். 1957-ல் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டு முதுகுளத்தூர்ப் பக்கம் பற்றி எரிந்ததை நேரில் பார்த்த கிழவர்கள் எங்கள் ஊரில் அப்போது இருந்தார்கள். பேச்சு ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதற்குள் இரண்டு மடங்காகும் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பையன்கள் பத்துப் பதினைந்து பேர் கம்போடு கிளம்பிவிட்டார்கள். காலனிப் பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது.

எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், தெருவில் ஒருத்தி, காலனியில் ஒருத்தி, முன்னாலேயே அங்கே போயிருந்தார்கள். சுவரில் பாதி கிழிந்த தாள். இரண்டு பேரும் எழுத்துக் கூட்டினார்கள். ஒருத்தி விட்டதை அடுத்தவள் பிடித்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலைக்குப் பெண் தொழிலாளர்கள் தேவை என்ற விளம்பரம் அது. தெருக்காரி திரும்பி நின்று சத்தமாகச் சொன்னாள்: “மில்லுக்கு ஆள் வேணும்னு போட்டிருக்குய்யா. இதுக்கா கம்பைத் தூக்கிட்டு வந்தீக?” அதில் ஒரு பையன் அவள் கொழுந்தன் மகன். அவன் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் கூட்டத்தில் நோட்டீசைப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். அவர்கள் யாரும் கிட்டப் போய்ப் படிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் புரிந்த விஷயம் இது: படிக்கத் தெரிவது பாதிதான். பக்கத்தில் நிற்கிறவளோடு சேர்ந்து படித்துப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு வருஷம் ஒரே சாக்கில் உட்கார்ந்ததால் வந்தது.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவிலும் இப்படி எழுத்து வகுப்புக்கு வந்த பெண்கள்தான் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993-ல் அரசே சாராயத்தைத் தடை செய்தது. எங்கள் கம்பத்தடி அவ்வளவு பெரிதில்லை. ஒரு சாயங்காலம் ஒரு அடிதடியை நிறுத்தியது. எனக்கு அது பெரிது.

பிறகு இயக்கம் ஓய்ந்தது. முழு எழுத்தறிவு என்று அறிவித்தார்கள், விழா நடந்தது, சிலேட்டுகள் உடைந்தன. எனக்கும் வேலைக்கு ஆர்டர் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டேன். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, தலித் மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, தென்மாவட்டங்களில் ரத்தம் சிந்தியது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது இப்படித்தான். விருதுநகரில் பிறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டுப் பள்ளிக்கு வரவழைத்த மனிதரின் பெயரை அவர் மாவட்டமே இழந்த காரணத்தை ஒவ்வொரு வருஷமும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாடத்திட்டத்தில் கிடையாது. சொல்லாமல் விட எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிளஸ் டூ தேர்ச்சியில் எங்கள் மாவட்டம் வருஷக்கணக்காக மாநிலத்தில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் அதே பள்ளிகளில்தான் பையன்களின் மணிக்கட்டில் கயிறு வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. கோயில் கயிறு என்பார்கள். எந்த நிறம் யாருடையது என்று பையன்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். 2019-ல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பி, அதுவே சர்ச்சையானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவரின் சாதி தெரியும்படி வகுப்பில் எதுவும் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னது என்னைச் சுட்டது. சாதியைப் பொறுத்துத் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் வந்தால் “இன்ன இன்ன ஆள் எந்திரி” என்று வகுப்பில் பெயர் வாசிப்பது எல்லா ஆசிரியர்களும் செய்வது. நானும் பத்து வருஷம் செய்தேன். ஒரு பெண் பிள்ளை எழுந்து நிற்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியம்மாவின் பேத்தி வயதுதான் இருக்கும். கம்பத்தடியில் கற்றுக்கொண்டதைப் பள்ளிக்கூடத்தில் மறந்திருந்தேன். அவள் நின்ற அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டுத்தான் விண்ணப்பம் வாங்கினேன். பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவே.

கயிற்றை நான் கத்தரியால் வெட்டியதில்லை. வெட்டினால் மறுநாள் இரண்டு கட்டிக்கொண்டு வருவான். யார் கட்டிவிட்டது என்று கேட்பேன். “அண்ணன்மார்” என்பான். அந்த அண்ணன்மாருக்கு வேலை இருக்காது, செல்போன் இருக்கும். அவர்களோடு பேச ஊரில் யாருமில்லை. அப்பாக்கள் முறுக்குக் கம்பெனி வேலைக்கு வடக்கே போயிருப்பார்கள். நான் அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசினேன். சில கைகள் வெறுங்கையாயின. தலைவர்களின் குருபூஜை மாதம் வந்ததும் பாதிக்கு மேல் திரும்பக் கட்டிக்கொண்டன. மறுபடி பேசினேன்.

பேசினால் மாறும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு எங்கள் கொட்டகச்சியேந்தலிலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட 1996-லிருந்து பத்து வருஷம் தலைவர் யாரும் நிலைக்கவில்லை. 2006-ல் அதிகாரிகளும் இயக்கத்தாரும் விடாமல் போய்ப் பேசி நான்கு ஊரிலும் தேர்தல் நடந்தது. அங்கே போய்ப் பேசிய ஒவ்வொருவரையும் நான் ஆசிரியர் என்றே எண்ணுகிறேன்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எனக்குப் பழைய நாள் திரும்பியது போலிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, உள்ளூர்ப் பெண்கள் சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். நான் போய்ப் பார்த்த மையங்களில் சில நன்றாக நடந்தன. சிலவற்றில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மற்ற தெருப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், “அவுக வர்றதில்ல டீச்சர்” என்று பதில். வகுப்பு ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. அந்தத் திண்ணையில் அவர்கள் ஏற முடியாது.

உங்கள் ஊரில் சாயங்காலம் ஏதாவது வகுப்பு நடக்கும். அரசு நடத்துவதாக இருக்கலாம், கோயிலோ சர்ச்சோ ஜமாத்தோ நடத்துவதாக இருக்கலாம், டியூஷனாகவும் இருக்கலாம். ஒரு நாள் போய் நின்று, யார் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளையும் வந்து உட்காரக்கூடிய இடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் அந்தக் கம்பம் இன்னும் நிற்கிறது. இப்போது எல்இடி விளக்கு போட்டிருக்கிறார்கள், நல்ல வெளிச்சம்.